தாய்லாந்து ‘சீசன்’ பேக்கேஜ்: ரூ. 1,92,000 போச்சு. நவம்பரில் சாமுய் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். பேங்காக்கும் ஒரு கடற்கரையும் சேர்ந்த பேக்கேஜ், நாலு பேருக்கு ரூ. 1,92,000. விற்றது போனிலேயே எல்லாம் முடித்துத் தரும் ஒரு டூர் ஏஜென்சி. பெயர் போடவில்லை. இதே ‘சீசன்’ அட்டவணையை வைத்துக்கொண்டு விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் அட்டவணையைப் பற்றித்தான் பேச்சு.

அதில் இருப்பது ஒரே வரி: “தாய்லாந்து – பெஸ்ட் சீசன்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை”. பேங்காக்குக்கு இது நூறு சதம் சரி. செப்டம்பரில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டும் ஊரில் நவம்பரில் 50 மி.மீ. அளவுதான் மழை. புக்கெட், கிராபியிலும் நவம்பர் போகப்போக வானம் தெளியும். ஆனால் பேக்கேஜில் இருந்த கடற்கரை கோ சாமுய். அந்தத் தீவில் வருஷத்திலேயே அதிக மழை பெய்யும் மாதமே நவம்பர்தான். சராசரியே 400 மி.மீ.க்கு மேல்.

காரணம் நமக்குப் புரியாதது இல்லை. தாய்லாந்தின் தெற்கு வால் ஒல்லியான நிலம், நடுவே மலை, இரண்டு பக்கமும் கடல். மேற்கே அந்தமான் கடலைப் பார்த்த புக்கெட்டும் கிராபியும் கேரளா மாதிரி: மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் சாமுய், பங்கான், தாவ் மூன்றும் நம் சோழமண்டலக் கரை மாதிரி: வடகிழக்குப் பருவமழை, அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. சென்னையில் ஐப்பசி அடைமழைக்குப் பயந்து, அதே பருவமழை அடிக்கும் இன்னொரு கரைக்குக் காசு கொடுத்துப் போவதுதான் நவம்பர் சாமுய்.

முன்பணம் அனுப்பும் முன் நேராகவே கேட்டேன், நவம்பர் நடுவில் சாமுயில் மழை இருக்காதா என்று. வாய்ஸ் நோட் வந்தது: “சார், போன வருஷம் அதே டைம்ல நான் ஃபேமிலியோட அங்கதான் இருந்தேன். பத்து நிமிஷம் தூறும், உடனே வெயில் அடிக்கும். என்னை நம்பி போடுங்க சார்.” கூடவே ஒரு வானிலை ஸ்கிரீன்ஷாட், 31 டிகிரி, பளிச்சென்று சூரியன். ஊர்ப் பெயர் இருக்கும் மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தது. அது பேங்காக்கின் வானிலை என்று சண்டை போட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் குரலில் இருந்த உறுதிக்குத்தான் ரூ. 1,92,000.

மழை யார் கையிலும் இல்லை என்று அவர்கள் சொல்லலாம். சரி. பயணத்திட்டத்தில் “ஆங் தோங் கடல் தேசியப் பூங்கா, ஸ்பீட்போட் டூர்” என்று போட்டிருந்தார்களே? அந்தப் பூங்கா ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் மூடி, டிசம்பர் பாதிக்குப் பிறகுதான் திறக்கும். மூடிய இடத்துக்கு டூர் விற்றதை வானத்தின் மேல் போட முடியாது.

அடுத்தது “சாமுய் டிரான்ஸ்ஃபர்” என்ற இரண்டு வார்த்தை. சாமுய்க்கு நேரடி விமானம் விலை அதிகம். அதனால் எதிர்க்கரையில் இருக்கும் சூரத்தானி வரை விமானம், அங்கிருந்து பஸ்ஸில் டான்சாக் துறை, பிறகு ஃபெரி என்று கோத்துவிடுகிறார்கள். கடல் அமைதியாக இருந்தால் கார் ஃபெரி ஒன்றரை மணி நேரத்தில் சேர்த்துவிடும். அலை ஏறினால் ஃபெரியை நிறுத்திவிடுவார்கள், துறையில் பெட்டியோடு உட்கார வேண்டியதுதான். அன்று இரவுக்குள் போய்ச் சேராவிட்டால் ரீஃபண்ட் இல்லாத அறை ‘நோ ஷோ’ (ஆள் வரவில்லை) கணக்கில் போய்விடும். எங்கள் அறை அப்படித்தான் போனது. போய்ச் சேர்ந்தாலும் சாமுயின் சாவெங், லமாய் கடற்கரைகள் இரண்டும் கிழக்குக் கரை, வடகிழக்குக் காற்று நேராக அடிக்கும் பக்கம். சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்கக் கூடாது.

திரும்பி வந்து கேட்டால், “ஆபரேஷன்ஸ் டீம் கூப்பிடுவாங்க சார்.” கூப்பிடவில்லை. அடுத்தவர், “இயற்கைச் சீற்றம் சார், டெர்ம்ஸ்ல இருக்கு.” பருவமழை வரவேண்டிய மாதத்தில் வருவது எப்படிச் சீற்றம் ஆகும்? இன்னொருவர், வாய்ஸ் நோட் அனுப்பிய தம்பி “இப்ப எங்ககூட இல்ல சார்” என்றார். கடைசியில் பெரிய மனது வைத்து ஒரு கிரெடிட் நோட்: புக்கெட்டுக்கு, செப்டம்பரில் மட்டும் செல்லும். செப்டம்பர் புக்கெட்! அங்கே பதோங், கரோன், கதா கடற்கரைகள் எல்லாம் மேற்குக் கரை, ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கும் மாதம். சிமிலன் தீவுகள் மே பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை மூடல். மாயா பே கடற்கரை ஆகஸ்ட், செப்டம்பர் மூடல். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கிரீன் சீசன் ஆஃபர்’. ரூ. 1,92,000-இல் பணமாக ஒரு பைசா திரும்பவில்லை.

மாதவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. நம் லீவை வைத்துச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கோடை லீவு: மே பாதிக்கு மேல் புக்கெட் பக்கம் வேண்டாம், சாமுய் பரவாயில்லை. ஏப்ரலில் பேங்காக் வெயில் மண்டையைப் பிளக்கும். 13 முதல் 15 வரை சோங்க்ரான், தாய் புத்தாண்டு, ஊரே தண்ணீர் ஊற்றும். காலாண்டு லீவு: பேங்காக்கே நனையும், தள்ளிப் போடுங்கள். தீபாவளி: அக்டோபரில் வந்தால் இரண்டு கரையிலும் மழை. நவம்பரில் போயே ஆகவேண்டும் என்றால் பேங்காக்கோடு பட்டாயா, சுமார் 150 கிலோமீட்டர், ரோட்டிலேயே போய்விடலாம். அரையாண்டு லீவு: புக்கெட், கிராபி அருமை, விலைதான் உச்சம். சாமுய் ஜனவரி கடைசிக்கு மேல்.

பணம் யாரோ ஒருவரின் சொந்த யூபிஐ எண்ணுக்குப் போகக் கூடாது. கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்துத் தருவது) கேட்க ஒரு வழியாவது இருக்கும். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நாம் கட்டிய தொகை ரூ. 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஏஜென்டோடு பேசும் சாட்டில் ‘டிஸ்அப்பியரிங் மெசேஜ்’ (செய்தி தானாக அழிந்துபோகும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் வாய்ஸ் நோட்டையெல்லாம் இன்றைக்கே வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள்.