இலவச அட்டைக்கு 13,500 ரூபாய்

இந்தியாவிலிருந்து மலேசியாவுக்குச் சொந்தக்காரர்களை வரவழைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். மகள் கல்யாணத்துக்காகப் பட்டுக்கோட்டையிலிருந்து சித்தி, சித்தப்பா, அவர்கள் மகள் மூன்று பேரும் சுங்கை சிப்புட் வந்தார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே ஆளுக்கு 4,500 ரூபாய் போய்விட்டது. மூன்று பேருக்கும் சேர்த்து நம் மலேசியக் காசில் அறுநூறு வெள்ளிக்கு மேல். சல்லிக்காசு கொடுக்காமல் நிரப்ப வேண்டிய ஓர் அட்டைக்கு!

2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் 30 நாள் வரை இங்கே வந்துபோக விசா வேண்டாம். ஆனால் எம்.டி.ஏ.சி. என்கிற டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதைப் போனில் சொன்னவன் நான்தான். எந்தத் தளத்தில் என்று சொல்லாமல் விட்டவனும் நான்தான்.

சித்தப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். கடைப் பையன் தேடிப் பார்த்து, முதலில் வந்ததைத் தட்டியிருக்கிறான். முதலில் வந்தது விளம்பரம். அப்புறம் நானும் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். மேலே மலேசியக் கொடி, செம்பருத்திப் பூ, இரட்டைக் கோபுரம். கீழே சாதாரணச் சேவைக்கு ஒரு விலை, அவசரச் சேவைக்கு ஒரு விலை. 'அரசாங்கத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை' என்ற வரி கடைசியில் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி கிடந்தது. பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பான். 'அனுமதி' என்று வந்த தாளை லேமினேட் வேறு செய்து கொடுத்திருக்கிறான்.

அனுமதி வந்தது பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்பு. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். உண்மையான அட்டையை வந்திறங்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிலிருந்துதான் நிரப்ப முடியும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து விமான நிலையத்துக்கு மூன்றரை மணி நேர ஓட்டம். விடியற்காலையிலேயே கிளம்பிப் போய் வெளியே நின்றுகொண்டிருந்தேன். விமானம் இறங்கி ஒரு மணி நேரமாகியும் ஆள் வரவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று சித்தி பிற்பாடு சொன்னார். மஞ்சள் பையிலிருந்து லேமினேட் தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். குடிநுழைவு அதிகாரி கணினியில் தேடினால் மூன்று பேர் பெயரிலும் ஒன்றுமே பதிவாகவில்லை. தாளில் தங்குமிடம் என்று கோலாலம்பூரில் ஏதோ ஓட்டல். ஒரு தமிழ் அதிகாரியை வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்: "எங்கம்மா தங்கப் போறீங்க?" "எங்க அக்கா மகன் வீட்டுல." "அப்ப இந்த ஓட்டல்?" சித்திக்கு அப்படி ஓர் ஓட்டல் இருப்பதே தெரியாது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று சித்தப்பாவுக்கு வியர்த்துவிட்டதாம்.

நல்லவேளையாக அந்த அதிகாரி பொறுமைசாலி. ஒதுங்கி நின்று புதிதாக நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று விட்டுவிட்டார். விமான நிலைய வைஃபையைப் பிடித்துத் தங்கச்சி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள், கிட்டத்தட்ட அழுகை. பாஸ்போர்ட் படங்கள் என் போனில் இருந்தன. தூணில் சாய்ந்தபடியே மூன்று பேருக்கும் நிரப்பினேன். பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், வரும் நாள், போகும் நாள், தங்கும் முகவரி. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மின்னஞ்சலில் பின் எண் வந்தது, அவ்வளவுதான். காசு கேட்கும் பக்கம் எங்கேயுமே வராது. வந்தால் அது அரசாங்கத் தளம் இல்லை. மலேசியக் குடிநுழைவுத் துறையின் முகவரி 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்றுதான் முடியும். நடுவில் ஜிஓவி என்று நுழைத்து, கடைசியில் டாட் காம் என்று முடிகிற முகவரியில் ஏமாறாதீர்கள். சித்தப்பா மாட்டியது அப்படி ஒன்றில்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினோம். 'சேவைக் கட்டணம் திரும்பத் தரப்படாது' என்று இரண்டு வரிப் பதில். பணத்தைவிட, மூன்று பாஸ்போர்ட்டின் விவரமும் கார்டு எண்ணும் அவர்களிடம் கிடப்பதுதான் எனக்கு உறுத்தல். வங்கியில் சொல்லிக் கார்டை முடக்கியாயிற்று. இந்தியாவில் இந்த மாதிரி மோசடிக்கு 1930 என்ற எண்ணில் புகார் கொடுக்கலாம். இங்கே நம் காசு இப்படிப் போனால் 997. எதுவானாலும் உடனே கூப்பிட வேண்டும். நாங்கள் கல்யாண வேலையில் பத்து நாள் விட்டுவிட்டோம்.

நம் ஊரிலும் இதே அட்டையைப் போட்டுத் தர முப்பது வெள்ளி, ஐம்பது வெள்ளி என்று கேட்கிறார்களாம். தட்டத் தெரியாத பெரியவருக்கு உதவி செய்து டீக்காசு வாங்கினால் சரி, அது வேறு. 'அரசாங்கக் கட்டணம்' என்று சொல்லி வாங்கினால் பொய்.

அடுத்து சித்தப்பாவின் அண்ணன் வருவதாக இருக்கிறார். பாஸ்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அட்டையை நானே இங்கிருந்து நிரப்பிவிடுவேன். தங்கும் முகவரி என் வீடு, அஞ்சல் குறியீடு 31100.