ஒரு மூட்டை வரட்டியும் ஒரு காதல் கதையும்

பாளையங்கோட்டையில் பழைய புத்தகம் விற்பவர் ஒருவரிடம், ஆனிச் சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், இந்த ஆங்கில நாவலை 60 ரூபாய்க்கு வாங்கினேன். முன்னட்டையும் முதல் எட்டுப் பக்கங்களும் எனக்கு முன்பே யாரிடமோ போய்விட்டன. அவற்றோடு தலைப்பும் எழுதியவர் பெயரும் போயின. பின்னட்டையில் மிஞ்சியிருந்த நாலு வரிதான் என்னை வாங்க வைத்தது. ‘ஸ்வீட்’ வகைச் சரித்திரக் காதல் கதை, அமெரிக்க மேற்கு, ஒரு பள்ளி ஆசிரியை, மனைவியை இழந்த ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு டீச்சர் கதாநாயகியாக இருக்கும் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்நாட்டுப் பதிப்பகங்கள் காதல் கதைகளை ரகம் பிரிக்கும்போது, வாசகரைப் படுக்கையறை வாசலோடு நிறுத்திவிடும் கதைகளுக்கு ‘ஸ்வீட்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. இதிலும் கடைசி அத்தியாயத்தில் ஒரு முத்தம், அத்துடன் சரி. வாடகை நூலகத்தில் மாத நாவல் எடுத்துப் படித்து வளர்ந்த நம்மவர்களுக்கு இந்த அடக்கம் புதிதன்று. ஆனால் மாத நாவல்களில் அடக்கம் என்பது பெரும்பாலும் கதாசிரியர் போடும் திரை. இந்த நாவலில் அது கதையின் நிலைமையிலிருந்தே வருகிறது. அந்தக் காலத்து எல்லைப்புறக் கிராமங்களில் ஆசிரியைக்குத் தனி வீடு கிடையாது. மாணவர்களின் வீடுகளில் முறை வைத்துத் தங்க வேண்டும். பண்ணைக்காரருடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள் என்றாலும், பெண்துணை இல்லாத வீடு என்பதால் அவர் வீட்டு முறை மட்டும் வருவதேயில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரு மாதம் சாப்பிட்டவள், தான் சாப்பிட விரும்பும் ஒரு வீட்டில் மட்டும் கால் வைக்க முடியாது. இந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு இருநூறு பக்கம் ஓட்டியிருப்பது கெட்டிக்காரத்தனம்.

கதை நடப்பது 1887 இலையுதிர் காலத்திலிருந்து அடுத்த கோடை வரை, நெப்ராஸ்கா மாநிலத்தின் நடுவில், மணற்குன்றுப் பிரதேசத்தின் விளிம்பில். அந்த மாநிலத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்படிப் புல் மூடிய மணற்குன்றுகள்தான். தூத்துக்குடி மாவட்டத்து மணல்மேடான குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலத்தைக் கற்பனை செய்வது கடினமில்லை. செம்மணலை வெளிர் மணலாக்கி, பனையையும் உடைமரத்தையும் பிடுங்கிவிட்டு, கண்ணெட்டும் தூரம் புல்லைப் போர்த்திவிட்டால் போதும். 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் நிலத்தை அரசு ஏறக்குறைய இலவசமாகவே கொடுத்தது. விதைக்கும் நெல்லின் அளவை வைத்துக் கோட்டைக் கணக்கில் நிலம் அளந்த தாமிரபரணிக்கரைக்காரருக்கு 160 ஏக்கர் என்றால் ஒரு ஜமீன். அந்த மணலில் ஒரு குடும்பத்துக்கு மாடு வைத்துப் பிழைக்க அது பற்றாது. பற்றாது என்பதை அரசே ஒப்புக்கொண்டு, 1904இல் அந்தப் பகுதிக்கு மட்டும் 640 ஏக்கராக உயர்த்தியது.

ஆகவே கதாநாயகரைப் ‘பண்ணையார்’ என்று நினைத்துக்கொண்டு படிக்கக் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குத் திண்ணையில் சாய்ந்து வெற்றிலை மெல்லும் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். இவரோ விடியுமுன் தொழுவில் நிற்பவர், கன்றுக்குத் தானே சூடு போடுபவர், உள்ளங்கை முழுவதும் முள்கம்பிக் கீறல் உள்ளவர். முந்திய 1886-87 பனிக்காலம் வடக்குச் சமவெளி முழுவதும் மாட்டு மந்தைகளை வாரிக்கொண்டு போனது வரலாறு. வறண்ட கோடையில் மேய்ச்சல் இல்லாமல் மெலிந்த மாடுகள், அடுத்து வந்த பனியைத் தாங்கவில்லை. இவருடைய மந்தையிலும் பாதிக்கு மேல் போயிற்று. அதே பனிக்காலத்தில் பேறுகாலத்தில் மனைவியும் போனாள். நம் பக்கத்து ஆட்டுக்கிடைக்காரர் ஒருவரை, ஆட்டைக் கழித்து மாட்டைக் கூட்டி, குதிரைமேல் ஏற்றிவைத்தால் ஏறக்குறைய இவர்தான்.

இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வரட்டி மூட்டை. மரமே இல்லாத ஊர் என்பதால் குடியேறிகள் காய்ந்த சாணத்தைத்தான் அடுப்பெரித்தார்கள். நம்மைப்போல் தட்டிக் காயவைக்காமல், மேய்ச்சல் நிலத்தில் தானே காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி வந்தார்கள். புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் கட்டிய ஓரறைப் பள்ளி அது. கணப்பு எரியாவிட்டால் பிள்ளைகளின் விரல் பலகையில் ஓடாது. கிழக்கிலிருந்து வந்த ஆசிரியைக்கு முதல் வாரம் சாணத்தைக் கையால் தொடவே கூசுகிறது. இரண்டாம் திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் ஒரு சாக்கு நிறைய வரட்டி இருக்கிறது. யார் வைத்தது என்று தெரியாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அது இருக்கிறது. ஐந்தாம் வாரத்தில் அவள் வெறும் சாக்கைத் துவைத்து, மடித்து, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். அடுத்த திங்கட்கிழமை துவைத்த சாக்கு நிரம்பி நிற்கிறது. இதற்கு 22 பக்கம். ஒரு வசனம் கிடையாது. பூங்கொத்தும் கடிதமும் கொடுத்துக் காதல் சொல்லும் ஆயிரம் கதைகளை நாம் படித்தாயிற்று. சாணியைக் கொடுத்துச் சொன்ன கதையை நான் இப்போதுதான் படிக்கிறேன், அதுவும் மூக்கைச் சுளிக்காமல், கொஞ்சம் கண் கலங்கி.

மனைவியை இழந்தவர் என்ற விஷயத்தை எழுதியிருக்கும் விதமும் நன்று. நம் ஊரில் ‘இரண்டாந்தாரம்’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு பயம் இருக்கிறது என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். வறுமையும் வயதும் நெருக்கிய வீட்டிலிருந்துதான் அப்படிப் பெண் போகும். என் ஆச்சி அப்படி வந்தவள்தான். இறந்துபோன மூத்தாளுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுச் சேலை எடுத்து, ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அவள் தனக்கென்று ஒரு சேலை உடுத்துவாள். பயமா மரியாதையா என்று கேட்டால் சிரித்துவிடுவாள். இந்த நாவலின் டீச்சரும் ஏறக்குறைய அதையே செய்கிறாள். அடுக்களை ஆணியில் தொங்கும் மூத்தவளின் மேலங்கியை அவள் கழற்றுவதில்லை. பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்துத் தன்னுடையதை மாட்டுகிறாள். குன்றின்மேல் இருக்கும் கல்லறையை மாடு மிதித்துவிடக் கூடாதென்று பண்ணைக்காரர் அதைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருக்கிறார். பரவலாகப் புழக்கத்துக்கு வந்த முள்கம்பிக்கு 1874இல்தான் காப்புரிமை வாங்கினார்கள். அது வந்த பிறகு திறந்த மேய்ச்சல் வெளியே இல்லாமல் போய் அண்டை அயலார் வெட்டிக்கொண்டார்கள். அப்படி ஊரைப் பிரித்த கம்பியை ஒரு மனிதர் கல்லறைக்குக் காவலாக வைத்திருக்கும் படம் மனதைவிட்டுப் போகவில்லை. தாய் போனதிலிருந்து வாய் பேசாமல் இருந்து, டீச்சர் மடியில் உட்கார்ந்ததும் பேசத் தொடங்கும் ஆறு வயதுப் பெண்பிள்ளையைத்தான் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளையை எத்தனை சினிமாவில் பார்த்துவிட்டோம்! அண்ணன்காரனாகிய பத்து வயதுப் பையன் மெய்யான பையன். கன்று போடும் காலத்தில் பள்ளியைவிட்டு நின்றுவிடுகிறான். பீடித் தட்டு மடிக்கு வந்ததும் வருகைப் பதிவேட்டிலிருந்து பெண்பிள்ளைகள் காணாமல் போனதைப் பார்த்தவள் நான். அவனுடைய காலி இருக்கையை அந்த டீச்சர் பார்க்கும் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

நாவலின் உச்சம் 1888 ஜனவரி 12 அன்று வீசிய பனிப்புயல். இது கற்பனையன்று. காலையில் வழக்கத்துக்கு மாறாக இதமான வெயில் அடித்ததால் பிள்ளைகள் கனத்த மேலங்கி இல்லாமலே பள்ளிக்குப் போயிருந்தார்கள். நெப்ராஸ்காவின் பல ஊர்களில் பள்ளி விடும் நேரத்தை ஒட்டிப் புயல் அடித்தது. மாவு போன்ற பனித்தூளில் கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை. இறந்தவர்கள் 235 பேர் என்று சொல்லப்படுகிறது, அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை, மண்கட்டிப் பள்ளியின் கூரை பறந்தபின் பிள்ளைகளைப் பக்கத்துப் பண்ணைவீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தது நாடெங்கும் புகழ்பெற்ற நிகழ்ச்சி. நாவலாசிரியர் அதிலிருந்துதான் இந்த அத்தியாயத்தை எடுத்திருக்கிறார்.

பனியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே பார்த்திராத எனக்கு இந்த அத்தியாயம் எப்படிப் புரிந்தது என்றால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளால் புரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. மழை தொடங்கிய அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நெப்ராஸ்காவில் அது வியாழக்கிழமை, பள்ளி நாள். புயலுக்குள் டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தலைகளை எண்ணி, மறுபடியும் எண்ணி, மூன்றாம் முறை எண்ணும் இடத்தில் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து நடந்தேன். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போன எந்த ஆசிரியரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்.

இவ்வளவையும் செய்த பெண்ணை, கடைசி முப்பது பக்கங்களில் நாவல் கைவிட்டுவிடுகிறது. அக்காலத்தில் மணமான பெண்ணை ஆசிரியையாக வைத்துக்கொள்ள அங்கே பல ஊர்ப் பள்ளிக் குழுக்கள் சம்மதிக்கவில்லை. ஆகையால் கல்யாணம் என்றால் வேலை போகும். அதைக் கதை மறைக்கவில்லை, பாராட்டுகிறேன். ஆனால் மாதம் 35 டாலர் சம்பளத்தைத் தன் பெயரில் கையெழுத்திட்டு வாங்கியவள், அந்தப் பேனாவைக் கீழே வைக்கும்போது ஒரு வரிகூட வருந்துவதில்லை. பள்ளிச் சாவியை ஒரு ஆணியில் மாட்டிவிட்டு வண்டியில் ஏறுகிறாள், சூரியன் மறைகிறது, அவ்வளவுதான். இன்னும் உறுத்துவது, பண்ணைக்காரரே மூவர் கொண்ட பள்ளிக் குழுவில் ஒருவர் என்பது. வாரந்தோறும் சொல்லாமல் வரட்டி சுமந்த மனிதர், குழுக் கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டுத் தோற்றிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே நூற்றாண்டில் நம் திருநெல்வேலிச் சீமையில், மிஷன் கிராமங்களில் கணவர் ஒரு வகுப்பும் மனைவி ஒரு வகுப்பும் நடத்தியது சாதாரணக் காட்சி. இடையன்குடியில் கால்டுவெலின் மனைவி எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் பின்னலும் நடத்தினார். ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கச் சாராள் தக்கர் பெயரில் தொடங்கிய பள்ளிதான், 1895இல் பாளையங்கோட்டையில் கல்லூரியாக வளர்ந்தது. அந்தப் பெண்களுக்குக் கல்யாணம் பல வேளைகளில் பள்ளிக்குள்ளேயே ஒரு கதவைத் திறந்தது. நெப்ராஸ்காவில் அது பூட்டியது. பூட்டும் சத்தத்தையாவது நாவல் நமக்குக் கேட்கத் தந்திருக்க வேண்டும்.

84 வயதான என் அம்மாவுக்கு இந்தக் கதையை இரண்டு இரவுகளில் சொன்னேன். வரட்டிக்குச் சிரித்தாள், புயலுக்கு “அய்யோ பாவம்” என்றாள். முடிவைச் சொன்னதும், “அவ வாக்கப்பட்டுப் போயிட்டா, சரி. பொறவு அந்தப் பிள்ளையளுக்கு யாருட்டி பாடம் சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டாள். 300 பக்கங்களில் அதற்குப் பதில் இல்லை.

வேறு சில குறைகளும் உண்டு. நிலத்தை ‘ஆளில்லாத பூமி’ என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறது. லூப் ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பானி என்ற பூர்வகுடி மக்களை அங்கிருந்து தெற்கே பெயர்த்து அனுப்பி முடித்தது 1870களில்தான். கதை தொடங்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. ஒரு கதாபாத்திரமாவது அவர்களை நினைத்திருக்க வேண்டும். அதேபோல், தன் பெயரிலேயே 160 ஏக்கர் வாங்கித் தனியாகக் குடியிருக்கும் ஒரு கிழவி மூன்றே இடங்களில் வந்து போகிறாள். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் 21 வயது நிரம்பியிருந்தால் அந்தக் குடியேற்றச் சட்டப்படி நிலம் கேட்கலாம். புகையிலை மென்றுகொண்டு வேலிக்கம்பி இழுக்கும் அந்தக் கிழவிக்கு ஒரு தனி நாவல் எழுதினால் முழு விலை கொடுத்து வாங்குவேன்.

ஆங்கிலம் எளிது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அகராதியை அதிகம் புரட்டாமல் படிக்கலாம், பெற்றோர் பக்கம் பக்கமாகச் சோதிக்கவும் வேண்டாம். குதிரைச் சேணத்தின் பாகங்கள் வரும் இரண்டு பக்கங்களைத் தாண்டிவிடலாம், நான் தாண்டினேன். தாள் மட்டமான பழுப்புத் தாள், எழுத்து பொடி. ஒட்டுப் பசை காய்ந்து நடுவில் தாள்கள் கழன்று வருகின்றன. நல்லவேளையாக வரட்டிப் பக்கங்கள் உறுதியாக இருக்கின்றன. மிஞ்சியதற்குப் பாளை மார்க்கெட் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் காலிகோ அட்டை போடக் கொடுத்திருக்கிறேன். முதுகில் என்ன பெயர் எழுத வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ‘டீச்சர்’ என்று எழுதச் சொன்னேன்.