அலுமாரியில் நின்றவையும் மேசைக்கு வந்தவையும்: 12 ஆண்டுச் சதுரங்கப் புத்தக அனுபவம்

பாடசாலைச் சதுரங்கக் குழுவில் சேர்ந்த மகளுக்கு வீட்டில் விளையாட ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் 39ஆவது வயதில் காய்களைத் தொட்டேன். மூன்றே மாதத்தில் அவள் என்னை வெல்லத் தொடங்கிவிட்டாள். ரோசம் தாங்காமல் புத்தகம் தேடிப் புறப்பட்டேன். அப்படித் தொடங்கியது இது.

முதல் தெரிவே பிழைத்தது. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து மைத்துனர் மூலம் வரவழைத்தது, கறுப்புக்கான தொடக்க ஆட்ட முறையான சிசிலியன் தற்காப்பைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். 14ஆவது நகர்வு வரை மனப்பாடம் செய்துகொண்டு போட்டிக்குப் போனால், எதிரில் இருந்த பையன் நான்காவது நகர்விலேயே புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆடினான். அது நல்ல நகர்வும் இல்லை. ஆனால் ஏன் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை, தோற்றேன். பிறகு அந்தப் புத்தகத்தை அயலில் உள்ள உயர்தர மாணவன் ஒருவனுக்குக் கொடுத்தேன். ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு, ஒரு தாள்கூடக் கசங்காமல் திருப்பித் தந்தான்.

என்னைக் காப்பாற்றியது 1957இல் வெளிவந்த சதுரங்க எழுத்தாளர் ஏர்விங் சேர்னெவின் புத்தகம். 33 ஆட்டங்கள், ஒவ்வொரு நகர்வுக்கும் விளக்கம். அரசனுக்கு முன்னால் உள்ள காலாளை நகர்த்தும் முதல் அடி ஏன் நல்லது என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பச் சொல்வார். பத்தாவது தடவை அலுப்புத் தட்டும். ஆனால் வேலை முடிந்து களைத்து வருபவனுக்கு அந்தத் திரும்பச் சொல்லல்தான் உதவியது. ஒரு குறை உண்டு. வென்றவரின் எல்லா நகர்வும் சரி, தோற்றவரின் எல்லா நகர்வும் பிழை என்கிற தொனி. ஓரக் காலாளை ஒரு கட்டம் தள்ளினாலே கண்டிப்பார். அதை நம்பி இரண்டு வருடம் அந்தக் காலாளைத் தொடாமலே இருந்து, பின்வரிசையில் அரசன் அடைபட்டு எத்தனை ஆட்டங்களை விட்டேன்!

அடுத்தது கபபிளாங்கா 1921இல், தான் உலக வாகையரான அதே ஆண்டில் வெளியிட்ட அடிப்படைப் பாடநூல். காப்புரிமை முடிந்ததால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் அச்செடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டுவித்தேன். சிக்கல் என்னவென்றால் அதிலுள்ளது பழைய குறியீட்டு முறை. அதில் கட்டங்களை ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். வெள்ளைக்கு அரசன் நிரலின் நான்காவது கட்டம், கறுப்புக்கு ஐந்தாவது. முதல் வாரம் இரண்டு ஆட்டங்களில் காய்கள் இருக்க முடியாத இடங்களில் வந்து நின்றன. பழகிய பின் தொல்லை இல்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் புதிய குறியீட்டில் உள்ள பதிப்பாகத் தேடி வாங்குவதே நல்லது.

கபபிளாங்கா தொடங்குவது கோட்டையும் அரசனும் சேர்ந்து தனி அரசனுக்குச் செக்மேட் வைப்பதிலிருந்து. காய்கள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நிறைந்த பலகை புரிந்தது. அதன் பின் இறுதி ஆட்டங்களையே தேடித் தேடி வாசித்தேன். பிலிடோர் நிலை என்று ஒன்று உண்டு. எதிரியிடம் கோட்டையும் ஒரு காலாளும், நம்மிடம் கோட்டை மட்டும். நம் அரசன் காலாளின் வழியில் நிற்க, கோட்டையை நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்திருக்க வேண்டும். காலாள் அந்த வரிசைக்கு வந்த உடனே கோட்டையைத் தொலைவுக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சமநிலை. நான்கு வருடம் கழித்து ஒரு போட்டியில் அதே நிலை வந்தது. கை நடுங்கியது, கோட்டை நடுங்கவில்லை. எதிராளி 20 நகர்வு முயன்று கடைசியில் சமநிலைக்குக் கைகொடுத்தார். அரைப் புள்ளிதான்.

முன்னேற்றம் என்று பார்த்தால் இவ்வளவே. மகிழ்ச்சிக்கு வேறு புத்தகம்.

1953 சூரிச் போட்டியைப் பற்றி டேவிட் புறொன்ஸ்டீன் எழுதியது அது. அவரும் அதில் ஆடியவர். 15 பேர், 210 ஆட்டங்கள், ஸ்மிஸ்லொவ் வென்றார். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் போன நாட்களில் கைப்பேசியும் கணினியும் செத்துக் கிடக்க, விறாந்தையில் பலகையை விரித்து நாளுக்கொரு ஆட்டமாக ஆடினேன். போர்க்காலத் தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த கைக்கு அது புதிதல்ல. அந்தப் போட்டியில் அவெர்பாக்குக்கு எதிராகக் கொட்டோவ் 30ஆவது நகர்வில் அரசியைக் கொடுத்து, வெள்ளை அரசனைப் பலகையின் நடுவே இழுத்துவரும் ஆட்டத்தை மூன்று இரவுகள் திரும்பத் திரும்ப ஆடினேன். அந்த மே மாதத்திலேயே அவெர்பாக் தம் 100ஆவது வயதில் காலமானார். செய்தியைப் பார்த்தபோது அயல்வீட்டுப் பெரியவர் போனதுபோல் இருந்தது.

இந்தப் புத்தகத்தால் என் ஆட்டம் இம்மியும் உயரவில்லை. அரசியைப் பலி கொடுக்கும் ஆசை வந்து சில ஆட்டங்கள் கெட்டதுதான் மிச்சம்.

பின்னாளில் உலக வாகையரான பொபி பிஷர் 1969இல் வெளியிட்ட 60 ஆட்டங்களின் தொகுப்பும் என்னிடம் உண்டு. தாம் தோற்ற மூன்றையும் அதில் சேர்த்திருக்கிறார் என்பதற்காகவே மதிப்பு. ஆனால் கிளை கிளையாகப் பிரியும் அவருடைய குறிப்புகள் எனக்குக் கனம். பாதியில் நிற்கிறது.

வாசிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். பலகை இல்லாமல் கட்டிலில் கிடந்து வாசித்த பக்கங்கள் எதுவும் நினைவில் இல்லை. இப்போது ஒரு பழைய பஸ் டிக்கெட்டால் அடுத்த வரியை மறைத்து, என் நகர்வைக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் திறப்பேன். ஒரு மாலைக்கு ஓர் ஆட்டத்தைத் தாண்டாது. மாரி காலத்தில் அலுமாரியை இரண்டு நாளுக்கொரு தடவை திறந்துவிட வேண்டும். சேர்னெவின் கடைசி நான்கு ஆட்டங்களைக் கறையான் வாசித்துவிட்டது.

மகள் பல்கலைக்கழகம் போய்விட்டாள். இப்போது எதிரில் சாய்மனைக் கதிரையில் பெரியப்பா. அவருக்குக் கோட்டை இன்னமும் யானைதான், அரசி மந்திரிதான். போன கிழமை கொட்டோவின் ஆட்டத்தை வைத்துக் காட்டினேன்.

“மந்திரியைச் சும்மா கொடுத்துவிட்டானே, இவனுக்கென்ன பைத்தியமா?” என்றார்.

“இன்னும் 21 நகர்வு இருக்கிறது, பெரியப்பா.”

“அப்படியென்றால் முதலில் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொல்.”