‘தொங்கும் நீல ஸ்புரூஸ்’ என்று மலையகத்தில் விற்கப்படுவது என்ன? காசு கொடுக்குமுன் இலையை உருட்டிப் பாருங்கள்

வெலிமடைப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்துக்காக ஒரே விற்பனையாளரிடம் வாங்கிய மூன்று கன்றுகள் பற்றிய எச்சரிக்கை இது. மூன்றுக்கும் ‘தொங்கும் நீல ஸ்புரூஸ்’ என்ற ஒரே பெயர், ஒரே விலை. ஸ்புரூஸ் என்பது குளிர்நாட்டு ஊசியிலை மரம். ஒன்றுகூடச் சொன்னபடி இல்லை. கடையின் பெயரை எழுதவில்லை. இதே வித்தையை வேறு இடத்திலும் காட்டலாம்.

முதல் கன்று ஸ்புரூஸே அல்ல, காஷ்மீர் சைப்பிரஸ். நீலச் சாம்பல் நிறம், நூல் நூலாகத் தொங்கும் கிளை, பார்க்க அழகுதான். ஆனால் ஸ்புரூஸின் இலை ஊசி. ஓர் ஊசியைப் பிடுங்கி இரு விரலுக்கிடையில் உருட்டினால் நான்கு விளிம்பும் தட்டுப்படும்; ஊசி உதிர்ந்த குச்சியைத் தடவினால் சிறு முளைகள் அரம்போலச் சொரசொரக்கும். சைப்பிரஸில் குச்சியோடு ஒட்டிய செதில்தான் இருக்கும், உருட்ட எதுவும் அகப்படாது. இதில் பணத்தைவிடப் பெரிய நட்டம் இடம். தொங்கும் ஸ்புரூஸ் மெதுவாக வளர்வது என்று நம்பி மதில் ஓரத்தில் வைப்பீர்கள். காஷ்மீர் சைப்பிரஸோ 20 மீட்டரையும் தாண்டக்கூடிய மரம்.

இரண்டாவது விதையில் முளைத்த சாதாரண நீல ஸ்புரூஸ். நுனியையும் கிளைகளையும் செம்புக் கம்பியால் வளைத்துக் கட்டி, மேலே நீலச் சாயமும் அடித்திருந்தார்கள். கம்பியை அவிழ்த்த பிறகு வந்த துளிரெல்லாம் வானத்தைப் பார்த்தன. ‘கிளாக்கா பெண்டுலா’ என்ற தொங்கும் வகை விதையால் வராது, ஒட்டுக்கன்றாகத்தான் வரும். அதற்கு நிமிர்ந்து நிற்கும் தலைக்குருத்து கிடையாது. மூங்கில் கழியில் கட்டி எவ்வளவு உயரம் ஏற்றுகிறோமோ அவ்வளவுதான், அதற்கு மேல் சரிந்து தரையில் படரும். ஆகவே கழி இருப்பது குறை அல்ல, கீழ்நோக்கி இழுக்கும் கம்பி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சாயத்தை அறிய, ஈர வெள்ளைத் துணியால் ஒரே ஓர் ஊசியைத் துடையுங்கள். இயற்கை நீலம் ஊசிமேல் படிந்த மெழுகு. துடைத்தால் அடியில் பச்சை தெரியும், துணியில் நீலம் ஒட்டாது. துடைத்த இடத்தில் மெழுகு திரும்ப வராது என்பதால் கன்று முழுக்கத் தேய்க்க வேண்டாம். “பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் அடியுங்கள்” என்று கடையில் சொன்ன யோசனையும் தவறு. எண்ணெய் அந்த மெழுகைக் கரைத்து மரத்தைப் பச்சையாக்கிவிடும்.

மூன்றாவது உண்மையான ஒட்டுக்கன்று. ஆனால் மேல் ஒட்டு காய்ந்துகொண்டிருந்தது, பச்சையாகத் தெரிந்தவை அடிக்கட்டையின் (ஒட்டைத் தாங்கும் வேருள்ள செடியின்) துளிர்கள். தண்டின் அடியில் ஒட்டு மூட்டு, அதாவது ஒட்டு இணைந்த இடம், எங்கே என்று தேடுங்கள். அதற்குக் கீழிருந்து வரும் துளிரை அடியோடு வெட்ட வேண்டும்; மேலே உயிர்த்துளிர் இல்லையென்றால் வாங்கவே கூடாது. பொலித்தீன் பையையும் கழற்றிப் பார்க்கக் கேளுங்கள். வேர் வட்டமாகச் சுற்றி இறுகியிருந்தால் பின்னால் சரிவராது.

இனி, எந்தக் கடையிலும் சொல்லாத விடயம். நல்ல கன்றே கிடைத்தாலும் இந்த மரத்தின் சொந்த இடம் அமெரிக்காவின் ராக்கி மலை. அதற்கு மாதக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும், அதன் பிறகுதான் மொட்டு ஒழுங்காக விரியும். 1,868 மீட்டர் உயர நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படிவது உண்டு, ஆனால் பகலில் வெயில் ஏறிவிடும். பகல் நீளமும் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம்கூட மாறாததால், கோடையின் நீண்ட பகலுக்குப் பழகிய இந்தச் செடி சீக்கிரமே மொட்டுக் கட்டி நின்றுவிடும். போதாததற்கு மழை. ஈரம் காயாத ஊசிகளில் பூஞ்சணம் பிடித்து, பழைய ஊசிகள் ஊதா கலந்த பழுப்பாகி உட்பக்கமிருந்து உதிரும். “ஐந்து வருசத்தில் ஆளுயரம்” என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

அப்படியும் வேண்டும் என்பவர்கள் காற்றோட்டமுள்ள, தண்ணீர் வடியும் சரிவில் 20 முதல் 30 செ.மீ. மேடு கட்டி நடுங்கள். குழி வேர்க்கட்டியின் ஆழம்தான், அகலம் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒட்டு மூட்டு மண்ணுக்கு மேலே நிற்கட்டும், பச்சை மாட்டெரு வேண்டாம். தோற்றம் மட்டும் போதுமென்றால் காஷ்மீர் சைப்பிரஸை அதன் பெயரிலேயே, அதன் விலைக்கே கேட்டு வாங்கி, வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

“வெளிநாட்டு இறக்குமதி” என்றால் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டு மண்ணோடு வந்த கன்று என்று பெருமை பேசினால் விலகிவிடுங்கள், மண் கொண்டுவருவது தடை. பற்றுச்சீட்டில் “நீலச் செடி” என்று எழுத விடாமல், வகைப்பெயரையும் “ஒட்டுக்கன்று” என்ற சொல்லையும் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடும்போது கையில் அந்தத் துண்டும், வாங்கிய அன்றே எடுத்த படமும் இருக்க வேண்டும்.