பாலக்காட்டுக் கணவாயில் பங்குனி வெயில்: கொங்கு வழக்கமா, மலையாள வழக்கமா?

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் எதற்கும் இரண்டு வழி உண்டு. பொள்ளாச்சியிலிருந்து வந்த மருமகள் மண்பானையை எடுத்து வைப்பாள். இங்கேயே பிறந்து வளர்ந்த மாமியார் பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுத் தண்ணீர் காய்ச்சுவார். ஒரு அடுப்பில் கம்பங்கூழ், இன்னொரு அடுப்பில் கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசிக் கஞ்சி. எது நல்லது என்ற பேச்சு பங்குனி பிறந்ததும் ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அவரவர் பிறந்த வீட்டுப் பெருமையில் போய் அது முடியும். அப்படி முடியக்கூடாது. இதைத் தீர்மானிக்க வேண்டியது நம் ஊர்க் காற்று.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லாமல் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தை, மாசியில் கோயமுத்தூர் பக்கத்திலிருந்து வறண்ட காற்று இதன் வழியாக அடிக்கும். பங்குனியில் காற்றின் வேகம் குறைந்தாலும் வறட்சி குறையாது. 2016 ஏப்ரலில் மலம்புழாவில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. திருச்சூரிலும் எர்ணாகுளத்திலும் இருப்பது கசகசவென்று ஒட்டுகிற வெயில். நமக்கு உதடு வெடிக்கிற வெயில். வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதே தெரியாது. ஆகவே கடலோரக் கேரளத்துக்குப் பொருந்துகிற எல்லாம் நாம் இருக்கிற பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவுக்குப் பொருந்தாது. கொங்கு வழக்கம் என்பதற்காகவே ஒன்று சரியாகிவிடவும் செய்யாது.

மண்பானையா, காய்ச்சிய தண்ணீரா

குளிர்ச்சி என்று பார்த்தால் மண்பானைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பானையின் நுண்துளைகளில் கசிகிற நீர் வெளிப்பக்கம் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிரும். அதனால் கடற்கரை ஊரில் சுமாராக வேலை செய்கிற பானை இங்கே ஜில்லென்று ஆக்கித் தருகிறது. வெளியே பெயிண்ட் அடித்த அலங்காரப் பானையை வாங்காதீர்கள், பெயிண்ட் துளைகளை அடைத்துவிடும். ஈர மணல் பரப்பி, ஜன்னல் காற்று படுகிற இடத்தில் வையுங்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் சோப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும், தேங்காய் நாரும் வெந்நீரும் போதும்.

ஆனால் பானை தண்ணீரைக் குளிர்விக்குமே தவிர, கிருமியைக் கொல்லாது. கிணறு அடி தட்டுகிற இந்த மாதங்களில்தான் மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் பரவும். மலையாள வீடுகளில் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிப்பதில்லை என்பது பொன்னான பழக்கம். சீரகமோ பதிமுகமோ போடுவதன் பெரிய நன்மை என்னைக் கேட்டால் அந்த மூலிகையில் இல்லை, அதைப் போடும் சாக்கில் தண்ணீர் கொதிக்கிறதே, அதில்தான் இருக்கிறது. பதிமுகச் சீவலைப் போட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும், அந்த நிறத்துக்காகவே பிள்ளைகள் கேட்டுக் குடிப்பார்கள். அதுவும் லாபம்தான். நிறம் வந்தாலே போதும் என்று வெதுவெதுப்பான தண்ணீரில் சீவலைப் போட்டு வைப்பது மட்டும் வேண்டாம். தளதளவென்று கொதிக்க வேண்டும்.

சரி, என் முடிவு: காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, அப்புறம் பானையில் ஊற்றுங்கள். வாசனை வேண்டுமென்றால் கொஞ்சம் வெட்டிவேரைக் கழுவித் துணியில் முடிந்து, தண்ணீரோடு கொதிக்கவிட்டு எடுத்துவிடலாம். பானைக்குள் கை விட்டு மொள்ளாமல், நீளக் கைப்பிடி வைத்த கரண்டியோ குழாய் வைத்த பானையோ வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டுமே தீர்க்காத ஒன்று நம் பகுதியில் இருக்கிறது. கிழக்குப் பாலக்காட்டில், குறிப்பாகச் சித்தூர் தாலுகாவின் பல இடங்களில், ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு கூடுதல். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். காய்ச்சினால் புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். வெட்டிவேரும் பதிமுகமும் இதற்கு ஒன்றும் செய்யாது. போர்த் தண்ணீர் குடிக்கிற வீடாக இருந்தால் ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அளவு கூடுதல் என்று தெரிந்தால் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோதான். பானையா பதிமுகமா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கூழும் கஞ்சியும்

காலையில் கம்பங்கூழ் அல்லது ராகிக் கூழ், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய். இது கொங்கு வழி. முந்தின நாள் மட்ட அரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிர், உப்பு, நசுக்கிய காந்தாரி மிளகாய், கொஞ்சம் தேங்காய்ச் சம்மந்தி (துவையல்) சேர்த்துப் பழங்கஞ்சியாகக் குடிப்பது மலையாள வழி. இரண்டுமே புளித்த உணவு, இரண்டிலும் தண்ணீரும் உப்பும் ஒன்றாக உடம்புக்குள் போகின்றன.

சத்தை வைத்துப் பார்த்தால் சிறுதானியம் முன்னே நிற்கிறது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசி இதற்குக் கிட்டேயே வராது. கம்பில் இரும்புச் சத்து அதிகம். வளர்கிற பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நான் கூழுக்குத்தான் வாக்களிப்பேன். பாலக்காட்டு மட்ட அரிசியும் லேசுப்பட்டதல்ல. புழுங்க வைத்துத் தவிடு முழுக்கப் போகாமல் தீட்டுவதால் வெள்ளை அரிசியைவிட மெதுவாகச் செரிக்கும், வயிற்றில் நிற்கும். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மையாக அரைத்த மாவில் காய்ச்சிய நீர்த்த கூழ் சீக்கிரம் சர்க்கரையை ஏற்றும். சிறுதானியம்தானே என்று சொம்பு சொம்பாகக் குடிக்கக்கூடாது. அவர்களுக்குக் கம்பஞ்சோறு, அல்லது அளவாகக் கஞ்சியோடு ஒரு கிண்ணம் பயறு நல்லது.

இந்த வெயிலில் புளிப்பு வேகமாக ஏறும். இரவு எட்டு மணிக்கு ஊற வைத்ததைக் காலையில் குடித்து முடித்துவிடுங்கள், மதியத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். நுரை கட்டி வாடை மாறியிருந்தால் மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடலாம்.

மோரில் எனக்கு மலையாளத்துச் சம்பாரம்தான் பிடிக்கும். இஞ்சி, காந்தாரி, கறிவேப்பிலை, நாரத்தை இலை எல்லாவற்றையும் நசுக்கிப் போட்ட அந்த வாசனை, கடுகு தாளித்த நீர்மோரில் கிடைப்பதில்லை. தாளிப்புக்கு எண்ணெயும் தேவையில்லை. வயிறு உப்புசம் உள்ளவர்கள் பெருங்காயம் போட்ட நீர்மோரையே குடிக்கட்டும். எதுவானாலும் வயலுக்கும் தோப்புக்கும் போகிறவர்களின் மோரில் உப்புச் சரியாக இருக்க வேண்டும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் குறைத்துக்கொள்ளட்டும். வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கோடையில் மதியம் 12 முதல் 3 மணி வரை ஓய்வு என்று கேரளத் தொழிலாளர் துறை உத்தரவு போடுவது வழக்கம். நம் தோட்டத்துக்கு வருகிற ஆட்களுக்கும் அந்த ஓய்வைக் கொடுப்போம். வாளையாறு எல்லை தாண்டி வந்து வேலை செய்பவர்களுக்கும் இதே வெயில்தான்.

ஓட்டு வீடு, தார்சு வீடு, ஏர் கூலர்

ஓட்டு வீடு பகலில் சீக்கிரம் சூடாகும், இரவில் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் தளம் போட்ட தார்சு வீடு இதற்கு நேர்மாறு. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நாம் படுக்கிற நேரத்தில் அதைக் கீழே இறக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் மதியம் தார்சு அறையின் கீழ்த்தளத்தில் இருங்கள், இரவில் ஓட்டுப் பக்கம் படுங்கள். தார்சு மட்டும்தான் என்றால் மாசிக் கடைசியிலேயே மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். செலவு குறைவு, பலன் அதிகம். கலக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னை ஓலை பரப்புவதும் நல்லதுதான், ஆனால் பக்கத்தில் அடுப்புப் புகைக்கூண்டு இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஜன்னலைப் பொறுத்தவரை கடலோர வழக்கம் இங்கே உதவாது. அங்கே நாள் முழுக்கத் திறந்து வைத்தால்தான் மூச்சு விட முடியும். இங்கே காலை ஒன்பது, பத்து மணிக்குச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, பொழுது சாய்ந்து வெளிக்காற்று ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

திருச்சூரில் இருக்கிற சொந்தக்காரர்கள் ஏர் கூலர் வேஸ்ட் என்று சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது உண்மைதான், ஏற்கெனவே ஈரமான காற்றில் கூலர் இன்னும் புழுக்கத்தைத்தான் கூட்டும். கணவாய்க்குள் கதை வேறு. பானை குளிர்விக்கிற அதே வழியில்தான் கூலரும் குளிர்விக்கிறது, வறண்ட காற்று அதற்கு வரம். ஒரு டன் ஏசி ஓடும்போது ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கும், வீட்டுக் கூலர் அதில் ஐந்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும். ஏசி போல நினைத்துக் கதவு ஜன்னலைச் சாத்தி வைப்பதுதான் பெரிய தவறு. கூலர் காற்று வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது முழுக்கக் கொட்டித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும். சித்திரையில் கோடை மழை இரண்டு விழுந்து காற்றில் ஈரம் ஏறிவிட்டால் கூலரின் வேலை குறையும். அப்போது அதை நிறுத்திவிட்டு மின்விசிறிக்கு மாறுங்கள். மாதக் கணக்கில் தண்ணீர் லாரியை எதிர்பார்க்கிற தெருவாக இருந்தால் கூலர் வாங்குவதற்கு முன் யோசியுங்கள், அது குடிக்கிற தண்ணீரும் கொஞ்சமல்ல.

உடம்புக்கு எண்ணெய், உடுத்தப் பருத்தி

சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் அருமையானது. ஆனால் சீயக்காய் போட்டுத் தேய்த்து எண்ணெயை எடுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். தினமும் கொஞ்சமாகத் தேங்காயெண்ணெய் தேய்க்கிற மலையாளப் பழக்கம் இந்தக் காற்றுக்கு இன்னும் பொருத்தம். குளித்து முடித்து உடம்பு லேசாக ஈரமாக இருக்கும்போதே கை கால்களில் சில சொட்டுத் தடவினால் தோலின் ஈரம் வெளியே போகாது, பாளம் பாளமாக வெடிக்காது. வேர்க்குரு வந்த குழந்தைக்கு இரண்டு எண்ணெயும் வேண்டாம், துளைகள் அடைபட்டு இன்னும் கூடும். குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி மெல்லிய பருத்திச் சட்டை போட்டால் தானே அடங்கிவிடும்.

பாரதப்புழைக் கரையில் குத்தாம்புள்ளி, பொள்ளாச்சிக்கு அருகே நெகமம். நமக்கு இரண்டு பக்கமும் நெசவூர்கள், இரண்டு ஊர்ச் சேலைகளுக்குமே புவிசார் குறியீடு உண்டு. பகலில் வெளியே போகக் குத்தாம்புள்ளியின் வெளிர் நிறக் கைத்தறிதான் சுகம், வெயிலை இழுக்காது. நெகமம் காட்டன் சற்றுக் கனம், நிறம் ஆழம், அதிக நாள் உழைக்கும். வேலைக்குப் போகிற பெண்கள் வாரம் முழுக்க மாற்றி மாற்றிக் கட்டுவதற்கு நெகமம்தான் கட்டுப்படியாகும். வெளிர் சேலையில் இந்த ஊர்ச் செம்மண் படிந்தால் லேசில் போகாது.

மாங்காய்க்கு அவசரப்படலாமா

நம் பாலக்காட்டு முதலமடை மாம்பழம் நாட்டின் மற்ற இடங்களை முந்திக்கொண்டு தை, மாசியிலேயே சந்தைக்கு வரும். முதல் வரத்துக்கு நல்ல விலை என்பதால் முற்றாத காயையும் பறித்துவிடுகிறார்கள். கல் என்று சொல்கிற கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படித் தடை. எத்திலீன் வாயு மட்டும் அளவோடு அனுமதி. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், காம்புப் பக்கம் மோந்து பாருங்கள். வாசனையே இல்லாத மஞ்சள் பழத்தை அங்கேயே வைத்துவிடலாம். பங்குனியில் செந்தூரத்தைப் பழமாகவும் கிளிமூக்கைக் காயாகவும் வாங்குவதே புத்திசாலித்தனம். பங்கனப்பள்ளிக்குச் சித்திரை பிறக்கட்டும், நீலத்துக்கு இன்னும் பொறுக்க வேண்டும்.

வருஷப் பிறப்பும் விஷுவும் சேர்ந்து வருகிற வாரத்தில் மாங்காய்ப் பச்சடியா, மாம்பழப் புளிசேரியா (மாம்பழம் போட்ட மோர்க்குழம்பு) என்று கேட்டால், சமையல்காரியாக என் பதில் பச்சடி. வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்த அந்தச் சுவை ஆண்டில் ஒரு நாளுக்கானது, புளிசேரி சீசன் முழுக்கச் செய்யலாம். வேப்பம்பூவை இப்போதே பறித்து நிழலில் உலர்த்தி வையுங்கள். கனிக்குத் தட்டு வைக்கும்போது மலையாளத்துக் கணிவெள்ளரியும் கொன்றைப்பூவும் நம் முக்கனியோடு சேர்ந்தே இருக்கட்டும். வெள்ளரியைக் கனி முடிந்ததும் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து மோர்க்குழம்பில் போட்டுவிடலாம். தட்டில் வைத்த பலாவை அறுப்பதற்கு முன் கத்திக்கும் கைக்கும் மறக்காமல் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.