தஞ்சாவூர் வீணைப் பட்டறையில் ஏர் பிஸ்டலுக்கு ஒரு பலாப்பிடி

பத்து மீட்டர் தூரத்திலிருந்து சுடும் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத் துப்பாக்கி) போட்டியில், இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். கைப்பிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் விசையை அழுத்தும்போது முனை அசைந்துவிடும். என் பிஸ்டலோடு வந்த வால்நட் பிடி கட்டைவிரல் பக்கம் தொளதொளவென்று இருந்தது. வெளிநாட்டுப் பிடியின் விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் போனேன்.

காற்று உருளையைக் கழற்றிவிட்டு பிஸ்டலை அவர் முன் வைத்தேன். அவர் அளவு நாடாவைத் தொடவே இல்லை. ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்து, "சுடுற மாதிரியே பிடிங்க தம்பி" என்றார். அந்த அச்சைப் பார்த்துத்தான் செதுக்கினார். வீணைக்கு எடுக்கும் அதே பலா, நன்றாகக் காய்ந்த மரம். இப்போது மஞ்சளாக இருக்கிறது, போகப்போகச் செம்பழுப்பாகும்.

போட்டி விதிப்படி பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. பிஸ்டல் முழுவதும் 420, 200, 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். இதைச் சொன்னதும் அட்டையில் அதே அளவுக்கு ஒரு பெட்டி செய்துகொண்டார். கொஞ்சம் இழைப்பார், பெட்டிக்குள் விட்டுப் பார்ப்பார், மறுபடி இழைப்பார். இந்தப் பொறுமைக்காகவே அவரிடம் போகலாம்.

பிடி பொருந்துகிறதா என்று பார்க்க நல்ல வழி, கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி, அப்புறம் கண்ணைத் திறப்பது. குழல் முனையில் உள்ள முன்குறி, பின்னால் உள்ள பின்குறியின் வெட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். முதலில் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. எந்த இடம் அழுத்துகிறது என்று கேட்டுக் கேட்டு அங்கே மட்டும் அரம் போட்டார். இப்போது மணிக்கட்டைத் திருக வேண்டிய அவசியமே இல்லை. கை எழும்போதே குறியும் நேராக வந்து நிற்கிறது.

குறை என்றால் பாலிஷ்தான். வீணைக்குப் போடுவது போலப் பளபளவென்று போட்டுவிட்டார். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது வழுக்கும். சொன்னதும் உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, விரல் பதியும் இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் குத்திச் சொரசொரப்பாக்கிக் கொடுத்தார். நீங்கள் கொடுத்தால் பாலிஷ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விஜயதசமிக்கு முந்தைய வாரங்களில் போகவும் வேண்டாம், வீணை வேலை நெருக்கும்.

மரமும் கூலியுமாக 3,500 ரூபாய் ஆனது. மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் ஊதும் என்பதால், ஐப்பசி பிறந்ததும் பிடியை இறுக்கும் அடித்திருகைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இடக்கைக்காரர்களுக்கும் செய்து தருகிறார்.