தி ஆர்டினரி காப்பர் பெப்டைட் 1% சீரம்: நீலம் தோலுக்குள் எவ்வளவு இறங்கும்?

முன்பு ‘பஃபே + காப்பர் பெப்டைட்ஸ் 1%’ என்று விற்ற அதே வகைதான், இப்போது ‘மல்டி-பெப்டைட் + காப்பர் பெப்டைட்ஸ் 1%’ என்று வருகிறது. 30 மில்லி குப்பி, டிராப்பர் மூடி. ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள், பளிச்சென்று நீலம். இது செம்பின் நிறம். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களும் கோத்த குட்டிச் சங்கிலியான ஜிஎச்கே பெப்டைட், செம்பு அயனியை இறுகப் பிடித்திருக்கும்வரை இந்த நீலம் இருக்கும். பிடி விட்டால் நிறம் வெளுக்கும். வீட்டிலேயே செய்யக்கூடிய தரப் பரிசோதனை இதுதான்.

இந்தச் சீரத்தில் எங்களுக்குப் பிடித்தது, 1% என்று அளவை வெளிப்படையாகப் போட்டிருப்பது. பல தயாரிப்புகள் ‘காப்பர் ட்ரைபெப்டைட்-1’ என்று இதே பொருளின் லேபிள் பெயரை மட்டும் எழுதிவிட்டு அளவைச் சொல்வதில்லை. 0.1% கரைசலாக வாங்கிய மூலப்பொருளை 10% சேர்த்தால், குப்பியில் உண்மையில் இருப்பது 0.01% தான்.

சரி, உள்ளே போகுமா? செம்பு கோத்த இந்தப் பெப்டைடின் மூலக்கூறு எடை சுமார் 403 டால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு). 500 டால்டனுக்குள் இருந்தால் தோல் வழிவிடும் என்ற பொதுவிதியைக் காட்டி விளம்பரங்கள் முடித்துவிடுகின்றன. எடை மட்டும் போதாது. தோலின் மேலடுக்கு 10–20 மைக்ரான் தடிமன்தான் என்றாலும், அதன் செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் அடுக்கடுக்காகப் பூசிக் கிடக்கின்றன. தண்ணீரில் கரைகிற, மின்னூட்டம் உள்ள பெப்டைடுக்கு அந்தக் கொழுப்புப் பூச்சைக் கடப்பது கடினம்.

ஆய்வுகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். 0.68% கரைசலை மனிதத் தோல் துண்டின்மேல் 48 மணி நேரம் வைத்த சோதனையில், ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 136 மைக்ரோகிராம் செம்பு கடந்தது, 97 மைக்ரோகிராம் தோலிலேயே தங்கியது. 2015இல் வந்த நுண்ணூசி ஆய்விலோ, துளையிடாத தோலில் 9 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே கடக்கவில்லை.

இப்போது நம் முகத்துக்கு வருவோம். ஐந்து சொட்டு சுமார் 0.25 மில்லி, அதில் 2.5 மில்லிகிராம் காப்பர் பெப்டைட். 500 சதுர செ.மீ. பரப்பில் தேய்த்தால் சதுர செ.மீ.க்கு 5 மைக்ரோகிராம். அதில் செம்பு 0.8 மைக்ரோகிராம்தான்! ஆய்வகத்தில் தோலைக் கடந்ததே இதைப்போல் நூற்றைம்பது மடங்குக்கு மேல். கரைசல் தேங்கி நிற்கும் தோலும், இரண்டு நிமிடத்தில் காயும் சீரமும் ஒன்றல்ல. அதனால் ஆய்வக எண்ணைக் காட்டி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

கிடைக்கிற கொஞ்சத்தை வீணாக்காமல் இருக்க வழி உண்டு. முகம் கழுவித் துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே ஐந்து சொட்டு தடவுங்கள். நீர் ஊறிய மேலடுக்கு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். ஓரிரு நிமிடத்துக்குள் செராமைடு கிரீம் போட்டு மூடினால் சீரம் சீக்கிரம் காயாது. எண்ணெய், வாசலின் எதுவானாலும் இதற்குப் பிறகுதான். முதலில் பூசினால் சீரம் மேலேயே வழுக்கி நிற்கும்.

கெடுப்பவை மூன்று. ஒன்று, கிளைகாலிக் போன்ற அமிலங்கள். பி.எச் (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும் அளவுகோல்) 4க்குக் கீழே போனால் ஹிஸ்டிடின் செம்பை விடத் தொடங்கும். இரண்டு, தூய வைட்டமின் சி. அதன் பி.எச் 3.5க்குக் கீழ் என்பதோடு, செம்பு அதை வேகமாக ஆக்சிஜனேற்றமும் செய்துவிடும், இரண்டுமே பாழ். காலையில் வைட்டமின் சி, இரவில் இது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அமிலம் போடும் இரவில் இதை விட்டுவிடுங்கள். மூன்றாவது பலர் கவனிக்காதது, இடிடிஏ. பல டோனர்களில் இருக்கும் இந்தப் பொருள் செம்பைப் பெப்டைடைவிட வலுவாகப் பிடிக்கும். அந்த டோனர் காயுமுன் இதைப் பூசினால் செம்பு கைமாறிவிடும்.

ஊசி உருளையால் குத்திவிட்டு இதைத் தடவுவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். செம்பு உள்ளே போகும், உண்மைதான். பதப்படுத்திகளும் மற்ற பெப்டைடுகளும் கூடவே போகும். இது கிருமி நீக்கிய மருந்தும் அல்ல. குத்திய தோலில் அழகுப்பொருள் பூசி, கிரானுலோமா எனும் கட்டிகள் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

குறை என்றால் டிராப்பர்தான். திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று புகும், நுனி முகத்தில் பட்டால் கிருமியும் புகும். காற்றுப் புகாத பம்ப் குப்பி இதற்குப் பொருத்தம். நாளுக்கு ஒருமுறை என்றால் 120 நாள் வரும். அதற்குள் நீலம் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறினால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.